ஆலும் விழுதும்

வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய நம்மவரிடம் ஷார்ஜாவைப் பற்றிப் பேச்செடுத்தால், 'ரோலா' என்னும் பெயர் வராமல் அப்பேச்சு முடிவதில்லை. கடைத்தெருவும் சதுக்கமும் பூங்காவும் அப்பெயரால் வழங்குகின்றன. ஊர்க்காரர்களைத் தேடி விடுமுறை நாளில் அங்கே போய் நின்றவர்கள் நம்மில் ஏராளம். ஆனால், ரோலா என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதையும், அம்மரம் நம் ஊர்களில் குளக்கரைதோறும் நிற்கும் ஆலமரமே என்பதையும் அறிந்தவர் சிலரே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்டதாகக் கூறப்படும் அந்த ஆலின் நிழலில் ஷார்ஜா மக்கள் பெருநாள்களில் கூடினர். குழந்தைகள் அதன் கிளைகளில் ஊஞ்சல் கட்டி ஆடினர். 1978ஆம் ஆண்டில் அம்மரம் பட்டுப்போனது. இன்று அவ்விடத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. மரம் மறைந்தது, பெயர் நிலைத்தது.

ஒரு மரம் ஒரு நகரின் நடுவிடத்துக்கே பெயராகிவிடும் அளவுக்கு அதில் என்ன சிறப்பு இருக்கிறது? அடிமரத்தை இழந்தபின்னும் சில ஆலமரங்கள் நூறாண்டு வாழ்கின்றன. வேறு சில நம் கண்ணெதிரே பட்டுப்போகின்றன. இவ்வேறுபாடு எதனால் விளைகிறது? ஆல் தன்னை எவ்வாறு தாங்கிக்கொள்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும். நாம் அம்மரத்துக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யாதிருக்க வேண்டும் என்பதும் அதனோடு தெளிவாகும்.

இனமும் பெயரும்

தாவரவியலார் ஆலை 'ஃபைகஸ் பெங்காலென்சிஸ்' என்பர். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இட்ட பெயர் இது. ஃபைகஸ் என்னும் பேரினத்தில் 750க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் நாட்டு அரசு, அத்தி, இத்தி ஆகியன எல்லாம் இப்பேரினத்தைச் சேர்ந்தவையே. திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயத்துக்குப் பெயராக அமைந்துள்ள 'தீன்' என்பதும் இக்குடும்பத்தின் கனியே. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்புகளில் அது 'அத்தி' என வழங்குவதால், நம் ஆற்றோரங்களில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தியைப் பலர் நினைத்துக்கொள்கின்றனர். அரபு நாட்டிலும் மத்தியதரைக் கடற்கரைகளிலும் விளையும் தீன், நாம் சீமையத்தி என்று வழங்கும் வேறோர் இனமாகும். ஆல், அரசு, நாட்டு அத்தி, சீமையத்தி ஆகிய நான்கும் உடன்பிறந்தவை போன்றவை; ஒன்றே அல்ல.

பூவாமல் காய்ப்பதாகத் தோன்றும் மரம்

ஆல் பூத்து யாரும் கண்டதில்லை. பூவாமலே காய்க்கும் மரங்களைக் 'கோளி' என்னும் சொல்லால் பழந்தமிழர் குறித்தனர். அச்சொல் ஆலுக்கும் பெயராயிற்று. வெறுங்கண்ணுக்குப் புலப்படும் அளவில் அது சரியான கவனிப்பே. உண்மையில் ஆலுக்குப் பூக்கள் உண்டு. நாம் ஆலம்பழம் என்று கருதுவது தனியொரு பழமன்று. உட்குழிந்த ஒரு சிறு உறைக்குள் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் உள்நோக்கி மலர்ந்திருக்கும் மூடிய பூங்கொத்து அது.

மூடிய வீட்டுக்குள் மகரந்தம் எவ்வாறு செல்லும்? இதற்கெனவே ஒரு குளவி உண்டு. 'யூப்ரிஸ்டினா மஸோனி' என்னும் பெயருடைய அது ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ளது. பெண்குளவி, காயின் நுனியிலுள்ள மிகக் குறுகிய துளை வழியே உள்ளே நுழைகிறது. அந்நெருக்கத்தில் பெரும்பாலும் அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். திரும்பி வருதல் என்பது அதற்கில்லை. தான் பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தை உள்ளிருக்கும் பூக்களில் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டையிடுகிறது. பின்னர் அங்கேயே மடிகிறது. அம்முட்டைகளிலிருந்து முதலில் சிறகற்ற ஆண்குளவிகள் வெளிப்படும். அவை பெண்குளவிகளோடு கூடியபின் உறையைக் குடைந்து வழி செய்துவிட்டு இறந்துபோகும். பெண்குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அவ்வழியே வெளியேறி மற்றோர் ஆலைத் தேடிப் பறக்கும். அவற்றுக்குக் கிடைப்பது ஓரிரு நாள் ஆயுளே.

இவ்வளவு குறுகிய வாழ்நாளுடைய குளவி பிழைக்க வேண்டுமாயின், எந்நாளிலும் எங்கேனும் ஓர் ஆல் அதற்கேற்ற பருவத்தில் காய்த்திருக்க வேண்டும். எனவேதான் ஒரு வட்டாரத்து ஆலமரங்கள் ஒருசேரக் காய்க்காமல் வெவ்வேறு காலங்களில் காய்க்கின்றன. மாவும் நாவலும் பருவம் முடிந்து ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் அணில்களுக்கும் ஏதாவதோர் ஆலில் உணவு கிடைத்துவிடும். ஒரு பெரிய ஆலை வெட்டும்போது நிழலுடன் ஒரு வட்டாரத்தின் பஞ்சகால உணவுக் கிடங்கும் அழிகிறது.

விழுதின் இயல்பு

ஆலம்பழத்தைத் தின்ற பறவை எச்சமிடும் இடத்தில் விதை விழுகிறது. பனையின் மட்டை இடுக்கு, பிற மரங்களின் கவட்டை, பழைய சுவரின் வெடிப்பு ஆகியவற்றிலேயே பல ஆல்கள் வாழ்வைத் தொடங்குகின்றன. முளைத்த கன்று கீழ்நோக்கி வேர்விட்டு, தாங்கும் மரத்தைச் சுற்றிப் படர்ந்து, மண்ணை எட்டியதும் விரைந்து பருக்கிறது. தாங்கிய மரம் வெளிச்சமும் இடமும் இழந்து நாளடைவில் மடிவதுண்டு.

இளம் விழுது கிளையிலிருந்து மெல்லிய கயிறுபோல் தொங்குகிறது. அதன் நுனியே வளர்முனை. காற்றிலிருக்கும் வரையில் அது பெரிதும் பருப்பதில்லை. நுனி மண்ணைத் தொட்டு உள்ளே கிளைத்த பிறகே மாற்றம் தொடங்குகிறது. அதுவரை கிளையின் தயவில் வாழ்ந்த வேர், நீரையும் உப்புச் சத்தையும் தானே எடுத்து மேலே அனுப்பும் நிலைக்கு உயர்கிறது; ஆண்டுதோறும் பருத்துப் பட்டை கொண்டு, இறுதியில் அடிமரம் எது, விழுது எது என்று பிரித்தறிய இயலாத அளவுக்கு ஒரு தூணாகிவிடுகிறது. ஆலின் நெருங்கிய உறவான ஃபைகஸ் பெஞ்ஜமினா என்னும் மரத்தை ஆராய்ந்தோர், 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் வியப்பான ஒன்றைப் பதிவு செய்தனர். மண்ணில் ஊன்றிய விழுதுக்குள் ஒருவகை இழுவிசை மரத்திசு உருவாகி, விழுது சற்றே சுருங்கி, தளர்ந்து தொங்கியது முறுக்கேறிய கம்பிபோல் விறைப்படைகிறது என்பதே அது.

இத்தூண்களால் மரம் பெறும் பயன் இரண்டு. பக்கவாட்டில் நீளும் கிளை, நீள நீளத் தன் எடையாலேயே முறியும் நிலையை அடைகிறது. பிற மரங்கள் இவ்வெல்லையில் நின்றுவிடுகின்றன. ஆலோ கிளைக்கு இடையிடையே தூண் கொடுத்து மேலும் நீட்டிக்கொள்கிறது. இது முதற்பயன். ஒவ்வொரு தூணும் தன் பகுதிக் கிளைக்கு நேரடியாக நீர் வழங்குவதால், அடிமரத்திலிருந்து நெடுந்தொலைவு நீர் வர வேண்டிய தேவை குறைகிறது. இது இரண்டாவது.

ஸ்பெயினின் குர்துபா நகரப் பெரிய பள்ளிவாசல் இங்கே நம் நினைவுக்கு வருகிறது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய அக்கட்டடம், சுமார் இரண்டு நூற்றாண்டுக் காலத்தில், 987ஆம் ஆண்டளவில் அல்மன்சூர் செய்த விரிவாக்கம் வரை, பலமுறை பெரிதாக்கப்பட்டது. பழையதை இடித்து உயரமாகக் கட்டாமல், அதன் தொடர்ச்சியாகத் தூண் வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே சென்றனர். 850க்கும் மேற்பட்ட தூண்கள் அங்கு இன்றும் நிற்கின்றன. ஆலின் வளர்ச்சியும் இம்முறையிலானதே. உயரத்தை விட அகலமே அதன் இலக்கு.

அடிமரம் இல்லாத பேராலமரம்

இதற்குச் சிறந்த சான்று, மேற்கு வங்கத்தின் ஹௌரா நகரிலுள்ள ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் தாவரவியல் பூங்காவில் நிற்கும் பேராலமரமாகும். அப்பூங்கா 1787ஆம் ஆண்டில் ராபர்ட் கைட் என்பவரால் நிறுவப்பட்டது. அம்மரம் சுமார் 1.9 ஹெக்டேர் நிலத்தில் பரந்து, 3,700க்கும் மேற்பட்ட விழுதுத் தூண்களின்மேல் நிற்கிறது. தொலைவிலிருந்து காண்போர் அதை ஒரு தோப்பு என்றே கருதுவர்.

அதன் பிறப்பைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. 1848இல் இந்தியா வந்த தாவரவியலார் ஜோசப் ஹூக்கர், 1854இல் வெளியான தம் இமயப் பயண நூலில் அதைப் பதிந்துள்ளார். 1782ஆம் ஆண்டில் அவ்விடத்தில் ஓர் ஈச்சமரம் நின்றது. அதன் உச்சியிலிருந்து இந்த ஆல் முளைத்தது. ஈச்சையின் அடியில் ஒரு ஃபக்கீர் அமர்ந்திருப்பது வழக்கம். இதை நேரில் கண்டு நினைவில் வைத்திருந்த முதியோரிடம் கேட்டறிந்தவர், பூங்காவின் கண்காணிப்பாளராயிருந்த ஃபால்கனர். ஈச்சையும் ஃபக்கீரும் மறைந்தபின் ஆல் நின்றது.

மரத்தின் வளர்ச்சி வளையங்களை எண்ணி ஆலின் வயதைக் கணக்கிட முடியாது என்பதால், மனித நினைவின் வழிவந்த இச்சான்று மதிப்புமிக்கது. இன்று அம்மரத்துக்கு 250 ஆண்டுகளுக்கு மேல் என்று கூறுகின்றனர். இரண்டு கணக்குகளும் பெரிதும் முரண்படவில்லை. இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை ஒன்று உண்டு. பரந்து விரிந்த ஆலைக் கண்டவுடன் ஆயிரம் ஆண்டு, ஈராயிரம் ஆண்டு என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டிலேயே ஓர் ஆல் இத்துணைப் பரப்பை அடைய முடியும் என்பதை ஹௌரா மரம் காட்டுகிறது.

1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய இரு பெரும் புயல்களில் அம்மரம் கடுமையாகச் சேதமுற்றது. முறிந்த இடங்களில் பூஞ்சை நோய் பற்றி நடுமரத்தை அரித்தது. நோய் எங்கும் பரவாதிருக்க, 1925ஆம் ஆண்டில் அடிமரம் முழுவதும் வெட்டி அகற்றப்பட்டது. பிற மரங்களுக்கு அது முடிவாக இருந்திருக்கும். இம்மரமோ விழுதுகளின் பலத்தால் நூறாண்டுக் காலம் மேலும் பரந்தது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வீசிய ஆம்பன் புயலிலும் அதன் விழுதுகள் சில வீழ்ந்தன. எஞ்சியவை தாங்கி நின்றன.

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்திலுள்ள ஆலும் இத்தகையதே. சுமார் 450 ஆண்டு வயதுடையதாகக் கூறப்படும் அதன் நடுமரம் 1989ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது. சூழ இருந்த விழுதுமரங்கள் இன்றும் நிழல் தருகின்றன. ஹவாய்த் தீவுகளின் லாஹைனா நகரில் 1873ஆம் ஆண்டில் நடப்பட்ட ஓர் இந்திய ஆல், 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அந்நகரையே அழித்த பெருந்தீயில் கருகியது. அடுத்த மாதமே அதன் கிளைகள் சிலவற்றில் தளிர் கண்டனர்.

வணிகரின் பெயர் மரத்துக்கு வந்த கதை

ஆலை மேற்குலகுக்கு முதலில் அறிவித்தோர், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தருடன் வந்த கிரேக்கர்கள். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு எழுதிய தியோஃபிராஸ்டஸ், கிளையிலிருந்து வேர் இறங்கி மரத்தைச் சுற்றிக் கூடாரம்போல் அமைவதைச் சரியாகவே குறித்தார். ஆனால் இலை கேடயம்போல் பெரியது என்றும் எழுதிவிட்டார். ஆலிலையின் நீளம் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரையே. நேரில் காணாமல் கேட்டு எழுதுவதன் பிழை அறிஞர்க்கும் நேரும் என்பதற்கு இது சான்று.

ஆங்கிலத்தில் வழங்கும் 'பன்யன்' என்னும் பெயரோ நம் கடல்வணிக வரலாற்றோடு பின்னியது. குஜராத்தி மொழியில் வணிகரைக் குறிக்கும் 'வாணியோ' என்னும் சொல், அரபுக் கடலோடிகள் வழியாகப் போர்த்துக்கீசியரை அடைந்து 'பனியன்' ஆனது என்பது அறிஞர் பலர் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு அருகே ஒரு பெரிய ஆல் நின்றது. அதன் நிழலில் குஜராத்தி வணிகர்கள் கூடினர். தங்கள் வழிபாட்டிடம் ஒன்றையும் அங்கே அமைத்திருந்தனர். அதைக் கண்ட ஐரோப்பியர் 'பனியன்களின் மரம்' என்றனர். நாளடைவில் வணிகரின் பெயரே மரத்தின் பெயராயிற்று. பாரசீக மொழியில் ஆலுக்கு வழங்கும் 'அஞ்சீரே மஆபித்' என்னும் பெயரும், 'வழிபாட்டிடங்களின் அத்தி' எனப் பொருள்படுவது. நாம் உள்ளே அணியும் பனியனும் அவ்வணிகர் அணிந்த தளர்ந்த மேலாடையின் பெயரிலிருந்து வந்ததே. அரபியில் கட்டடத்தைக் குறிக்கும் 'புன்யான்' என்பதோடு இதற்கு உறவில்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே உண்டு.

ஆலின் கிளையை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினாலே அது வேர்விடும். எனவே கடல் கடந்து அதைக் கொண்டுசெல்வது அரிதன்று. இந்துமாக்கடலின் வணிக வழியில் மிளகும் துணியும் சென்ற துறைகளில் இம்மரத்தின் நிழலும் காணப்படுவதில் வியப்பில்லை.

மன்னர் கைத்தடமும் நெடுஞ்சாலையும்

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், தம் நினைவுக் குறிப்புகளில் தாம் கண்ட மரங்களையும் பறவைகளையும் அளந்து எழுதும் வழக்கமுடையவர். தம் பயணத்தில் கண்ட ஓர் ஆலைப் பற்றி அவர் சொல்வது சுவையானது. அவருடைய தந்தை அக்பர் அவ்வழியே சென்றபோது அம்மரத்தில் தம் கைத்தடத்தைப் பதித்திருந்தார். மகன் அதைவிட உயரத்தில், வேறொரு வேரில் தம் கைத்தடத்தைப் பதிக்கச் செய்தார். இரண்டும் அழியாதிருக்கப் பளிங்கில் செதுக்கி மரத்தில் பொருத்துமாறு கட்டளையிட்டார். அரசு தம் குலத்தில் நிலைக்கும் என்னும் நம்பிக்கையைத் தெரிவிக்க அவர்கள் ஓர் ஆலைத் தேர்ந்தது பொருத்தமே. ஆயினும் பளிங்கை அறையும் ஆணி மரத்துக்குக் காயமே என்பதையும் இன்று நாம் அறிவோம்.

வழிப்போக்கருக்கு நிழல் தருவதை அறமாகக் கருதிய ஆட்சியாளரும் உண்டு. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா சூரி, வங்கத்தையும் வடமேற்கையும் இணைத்த நெடுஞ்சாலையில் சராய்கள் கட்டி இருபுறமும் மரங்கள் நட்டார். தெலங்கானாவில் ஹைதராபாத்திலிருந்து செவெல்லா வழியாகச் செல்லும் சாலையில் சுமார் 900 ஆலமரங்கள் நிழல்விரித்து நின்றன. அவை நிஜாம் ஆட்சிக் காலத்தில் நடப்பட்டவை என்பர். அச்சாலையை அகலப்படுத்தும் திட்டத்தால் அம்மரங்களுக்கு ஆபத்து நேர்ந்தபோது, அவற்றைக் காக்க எழுந்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. மாட்டுவண்டிக்கு நிழலாக நட்ட மரம் பேருந்துக்கு இடையூறாகிவிட்ட காலம் இது. சாலையும் வேண்டும், மரமும் வேண்டும் என்னும் இரு தேவைகளும் உண்மையானவையே. ஆனால் சாலையை வளைக்கலாம்; நூறாண்டு ஆலை வளைக்க இயலாது.

நம்மிடம் மரம் கேட்பது

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. ஆலின் ஆயுள் அதன் அடிமரத்தில் இல்லை. விழுது ஊன்றுவதற்கு விடப்படும் மண்ணில் இருக்கிறது. ஹௌராவில் இளம் விழுதுகளை மூங்கில் குழாய்களின் வழியே மண்ணுக்கு வழிகாட்டி இறக்குகின்றனர். அவ்வாறு இறங்கிய தூண்களே அடிமரம் அகன்றபின் அம்மரத்தைக் காத்தன.

நம் ஊர்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. தலையில் இடிக்கிறது, பார்வைக்கு அழகில்லை என்று தொங்கும் விழுதுகளை ஆண்டுதோறும் நறுக்கிவிடுகிறோம். பல் துலக்கவும் ஊஞ்சல் ஆடவும் எடுத்தவை போக எஞ்சியவற்றைப் போக்குவரத்து அறுத்துவிடுகிறது. மரத்தைச் சுற்றி மேடை கட்டி, எஞ்சிய நிலத்துக்குத் தார் இடுகிறோம். தப்பி இறங்கிய விழுதும் நுழைய மண்ணின்றிக் காய்கிறது. கிளைகளோ பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகின்றன. பின்னர் ஒருநாள் பெருமழையில் கிளை முறிந்து விழும்போது, 'மரம் கிழடாகிவிட்டது, ஆபத்து' என்று சொல்லி முழுமரத்தையும் வெட்டுகிறோம். மரத்தின் முதுமையை விட, அதன் ஊன்றுகோல்களை நாம் பறித்ததே அவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணம்.

செய்ய வேண்டியவை எளியவை. தடித்த நீள்கிளைகளின் கீழே இறங்கும் விழுதுகளுள் சிலவற்றையேனும் தெரிவுசெய்து, குழாயோ மூங்கிலோ அணைத்து மண்வரை பாதுகாப்பாக இறக்க வேண்டும். அவை இறங்கும் இடத்தில் தார் இன்றி, நீர் உறிஞ்சும் திறந்த மண் இருக்க வேண்டும். ஆணி அறைதலும் கம்பி சுற்றுதலும் அடியில் குப்பை எரித்தலும் தவிர்க்கப்பட வேண்டும்.

மறுபுறம், பழைய பள்ளிவாசல்களின் மினாராக்களிலும் மதில்களிலும் முளைக்கும் ஆலங்கன்றுகளைப் புனிதமென்றோ பாவமென்றோ எண்ணி விட்டுவைப்பதும் தவறு. காரைக்குள் புகுந்த வேர் கல்லையே பிளந்துவிடும். கன்று சிறிதாயிருக்கும்போதே வேரோடு எடுத்து, ஊருக்கு வெளியே பொது நிலத்தில் நட்டால் கட்டடமும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்.

நிழல்மரம் நடுவதைத் தர்மமாகக் கருதும் மரபு நமக்குண்டு. ஆல் விஷயத்தில் நடுவது சிறு பங்கே. அதைப் பெரும்பாலும் பறவைகளே செய்துவிடுகின்றன. விழுது இறங்கும் இடத்தை விட்டுக்கொடுப்பதே நம் பங்கு. மணமக்களை ஆல்போல் தழைக்க வாழ்த்தும் நாம், ஆல் எதனால் தழைக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ரோலாவில் இன்று நாம் காண்பது நினைவுச் சின்னம். நம் ஊர்க் குளக்கரைகளில் மரமே இன்னும் நிற்கிறது.